கையாள்

திங்கட்கிழமை சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள்.
பதினோரு வருஷமாக என் தலையில் இருந்தது நீலம்.
கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை யாரும்.
நானும் கொடுக்கவில்லை.

வார்டோவில் ஜனவரிக்குச் சூரியன் கிடையாது.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஒரே நிறம்.
காட் மீன்கள் மட்டும் நேரம் தவறாமல்
பெல்ட்டில் வந்துகொண்டிருந்தன,
இன்றைக்கு யார் மேலாளர் என்று கேட்காமல்.

சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்ததும்
யோருன் கதையைப் பாதியில் நிறுத்தினாள்.
எனக்குத் தெரிந்த கதைதான்:
பழைய மேற்பார்வையாளர்
ஐஸ் தொட்டிக்குள் வழுக்கி விழுந்தது.
சிரிக்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.
கேட்காமலேயே
உப்பு டப்பா என் பக்கம் நகர்ந்து வந்தது.
அது மரியாதை என்று
வீட்டில் காலுறை கழற்றும்போதுதான் உறைத்தது.

அவருக்கு நான் கையாளாக இருந்தேன்.
இப்போது ஆட்களைக் கையாள் என்கிறார்கள்.
ஒரே சொல்.
நடுவில் என் கை எங்கே போயிற்று?

செவ்வாய்க்கிழமை ரிமாந்தாஸ் பின்தங்கினான்.
"நகரு, நான் பார்த்துக்கிறேன்."
முதுகெலும்போடு ஒட்டி இறங்கியது கத்தி,
சதை காகிதம்போல் பிரிந்தது,
எவ்வளவு சுகம்!
இருநூறு மீன் அறுத்துவிட்டு நிமிர்ந்தால்
எட்டுப் பேர் சும்மா நிற்கிறார்கள்.
ஐஸ் பெட்டி வரவில்லை.
வரவழைக்க வேண்டியவள் நான்.
ரிமாந்தாஸ் சுவரோரம்
தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அட்டவணை எழுதுவது இன்னும் மோசம்.
வெள்ளிக்கிழமை விடுப்பு ஒருவருக்குத்தான்.
யோருனுக்கு மகளின் ஹேண்ட்பால் ஆட்டம்.
ஹப்தோமுக்கு
ஆறு வருஷம் கழித்து வரும் தம்பியின் விமானம்.
பெயர்களை அழித்து அழித்து
திரையே தேய்ந்துவிடும்போல் இருந்தது.
ஹப்தோம் என்று எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் ஆமாம் சொல்லும்போது
மூச்சை உள்ளே இழுப்போம், பாதிச் சொல் தொண்டையிலேயே நிற்கும்.
அன்று யோருன் மூச்சை வெளியே விட்டுச் சொன்னாள்,
ஓஸ்லோக்காரி மாதிரி, முழுசாக.
அதற்கப்புறம் நாலு நாள்
உப்பு டப்பாகூட நகரவில்லை.

ஐஸ் கிடங்கில் எண்ணிக்கை எடுக்கிற சாக்கில்
ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறை.
அப்போதுதான் ரிமாந்தாஸ் வந்தான்.
"மூன்று விரல் மரத்துப்போகிறது. மூன்று வாரமாக."
எதுவும் சொல்லத் தோன்றவில்லை எனக்கு.
நல்லவேளை, சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் பேசினான்,
லித்துவேனியாவில் வாங்கிய கடனைப் பற்றி,
வேலை போய்விடும் என்ற பயத்தைப் பற்றி.
மறுநாள் அவனை எடைத் தராசுக்கு மாற்றினேன்,
மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.
கத்தி என் லாக்கரில் போய்ப் படுத்தது.
(சில இரவு அதைத் தீட்டுகிறேன். பொய் சொல்வானேன்.)

இன்று நண்பகல்
கோட்டையில் பீரங்கி முழங்கியது.
சூரியன் முழு வட்டமாகத் தெரிந்தால்தான் முழங்கும்;
பள்ளிக்கூடத்துக்குக்கூட விடுமுறை.
போன வருஷங்களில்
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மீன் அறுத்தோம்.
எங்கள் கையேட்டில் சூரியனுக்குப் பக்கம் கிடையாது.
யாரிடமும் கேட்காமல்
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

பெல்ட் நின்ற அமைதி, அப்பா!
துறைமுகக் கதவைத் திறந்து
முப்பது பேரும் ரப்பர் பூட்ஸோடு வெளியே நின்றோம்.
செதில் ஒட்டிய முகங்கள் மினுங்கின.
யோருன் தள்ளித்தான் நின்றாள்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள்:
"ஐஸ் உருகுது, மேலாளர் அம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் ஓடிப்போய் பெல்ட்டைப் போட்டேன்.

உற்பத்தி நிறுத்தம்: நான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டம் இன்னும் காலி.
ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும்;
வெளியே மறுபடி இருட்டிவிட்டது.